வாசல் அக்காவும் விலகி நிற்கும் தூணும்

"செருப்பக் கழட்ட வேண்டாம், குரலை மட்டும் கழட்டி வெச்சிட்டு வாங்க" என்றபடி வாசல் அக்கா முன்னால் நடப்பார். மடக்கிய குடையால் கூரையைக் காட்டுவார். பின்னால் வரும் இருபது பேரும் ஒன்றாக அண்ணாந்து பார்ப்பார்கள். குருமடத்தில், அதாவது பாதிரியாராகப் போகும் பிள்ளைகள் படிக்கும் அந்தப் பழைய கட்டடத்தில், அவருடைய உத்தியோகம் வாசலறையில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பது. வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. இருபத்தாறு வருடமாக யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கட்டடம் அவருக்கு அத்துப்படி. கீழ்த்தளம் கருங்கல், மேல்தளம் செங்கல். பாதி வேலையில் குவாரியில் கல் தீர்ந்துபோனது. ஜன்னல்களெல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. "தெருவைப் பாத்தா பையன் படிக்க மாட்டான்னு அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க." கட்டிய வெளிநாட்டுச் சாமியார் அதற்கு முன் ஒரு கோழிக்கூடுகூடக் கட்டியதில்லை, அவரே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சொந்த மாமனாரைப் பற்றிச் சொல்வதுபோல் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் கேலி. "கட்டடத்துக்கே உன்னைக் கட்டிக் குடுத்திருக்கணும்" என்பார் பேருந்து ஓட்டும் வீட்டுக்காரர்.

கிழக்குத் தாழ்வாரத்தில் முப்பத்தெட்டுத் தூண்கள். பத்தொன்பதாவது மட்டும் வரிசையை விட்டு ஒரு சாண் உள்ளே தள்ளி நிற்கிறது; மேலே வளைவும் அதற்கேற்பக் கோணல். எட்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில், ஏன் இப்படி என்று ஒரு பள்ளி ஆசிரியை கேட்டார். தெரியாது என்று சொல்லி அக்காவுக்குப் பழக்கமில்லை. "குறையில்லாதவர் கடவுள் ஒருத்தர்தான்னு பசங்க ஞாபகம் வெச்சிக்கணும்னு, கட்டின சாமியே வேணும்னு தள்ளி நிறுத்தினார்" என்று நின்ற இடத்திலேயே அடித்து விட்டார். ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணுக்கு முன்னால் பொய்யைத் திருப்பி வாங்க முடியுமா? அடுத்த கூட்டத்துக்கும் அதையே சொன்னார்.

பொய்க்குக் கால் முளைத்தது. மாணவர்கள் சொன்னார்கள், குருமடத்துக்குத் தலைவரான அதிபர் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். நூற்றைம்பதாம் ஆண்டு விழா வந்தது. ஒரு வியாழக்கிழமை பளிங்குப் பலகை ஒன்று வந்து இறங்கியது. அதில் அக்காவின் வாசகம், பொன்னெழுத்தில், கட்டிய சாமியாரின் பெயரோடு. தூணில் பதித்து, ஞாயிற்றுக்கிழமை மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

அக்கா பலகையை இரண்டு தரம் படித்தார். வாயில் வந்தது காற்றோடு போகும். கல்லில் ஏறினது போகுமா? சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், இனிமேல் நீங்கள் தொலைபேசியோடு இருங்கள் என்று அதிபர் சொல்லிவிட்டால்? அந்தச் சுற்று இல்லாவிட்டால் அவருக்கு நாளே நாளில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம். ஒரு பொய்யச் சொல்லிக் கல்வெட்டு வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை, வேலையாள் துளைபோடும் இயந்திரத்தைத் தூணில் வைக்கும் நேரத்தில், அக்கா நடுவில் போய் நின்றார். பக்கத்தில் நின்ற அதிபரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அதிபர் அங்கேயே படித்து வளர்ந்தவர், இன்னமும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டு முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப உண்மையான காரணம் என்னக்கா?"

அதற்கும் ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா அதை விழுங்கினார். "தெரியாது சாமி."

அதிபர் பலகையைச் சாக்கில் சுற்றி வைக்கச் சொன்னார். உடனே தன் அறைக்குப் போய்விட்டார். இனிச் சுற்றிக் காட்டலாமா கூடாதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வந்த கூட்டத்துக்கு அவர் எழுந்திருக்கவே இல்லை. அடிக்காத தொலைபேசியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதிபரே ஆயரை அழைத்துச் சுற்றிக் காட்டினார். அக்கா சமையல்காரர்களோடு கடைசியில் வந்தார். மூன்றடி கனமுள்ள சுவரை இரண்டடி என்றார் அதிபர். மணிக்கூண்டுக்கு இருபது வயதைக் குறைத்தார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பதாம் தூணருகே ஆயர் நின்று, இது மட்டும் ஏன் தள்ளி நிற்கிறது என்று கேட்டார். அதிபர் திரும்பி அக்காவைப் பார்த்தார். கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"தெரியாதுங்க, ஆயர் ஆண்டவரே" என்றார் அக்கா. "இத்தனை நாளா சொன்ன கதை நானா விட்டது. அளந்தவங்க தப்பா அளந்திருப்பாங்க. ஆனா அன்னியிலேருந்து மாடியத் தாங்கிட்டுதான் நிக்குது."

ஆயர் தூணை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். "அந்தச் சுவர் ரெண்டடின்னு சொன்னாரே, அதாவது உண்மையா?"

"மூணடிங்க" என்றார் அக்கா. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அதிபர் சாமியாரும் சிரித்துவிட்டார். சுவரோரமாக ஒதுங்கி, மாடிப்படியை நோக்கி அக்காவுக்குக் கைகாட்டினார்.

"படி நடுவுல தேஞ்சிருக்கு, எல்லாரும் பாத்து ஏறுங்க. இது நெசம்" என்று சொல்லிவிட்டு, ஐம்பத்து நாலு வயது அக்கா இரண்டிரண்டு படியாகத் தாண்டி, ஆயருக்கும் முன்னால் ஏறினார்.