றெஜினா அக்காவுக்கு நான் வைத்த சோதனை

ஊர்காவற்றுறையிலிருந்து வந்த பஸ் கொண்டக்டர்தான் கடை வாசலில் நின்று சொன்னார். "அண்ணை, றெஜினா அக்கா மோசம் போயிட்டா. காலமை ஆஸ்பத்திரியிலை உயிர் போட்டுதாம். நெஞ்சுவலியாம்." வேறு யாருக்கென்றாலும் அந்த இடத்திலேயே கண் கலங்கியிருக்கும். நான் கேட்டது, "உமக்கு ஆர் சொன்னது?" அவர் பெயரைச் சொன்னதும், "அவருக்கு ஆர் சொன்னது?" இப்படி நாலு பேரைத் தாண்டிய பிறகுதான் கதிரையில் இருந்து அழுதேன். அக்காவிடம் போய்வந்தவர்கள் இதை வாசித்தால், நான் ஏன் போனேன் என்று இப்போதே விளங்கியிருக்கும்.

வேலணையில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர் நான். என் மனைவி ஆசிரியை. பத்து நிமிடம் பிந்தி வந்தால் எந்த பஸ், பக்கத்தில் யார் என்று கேட்பேன். அவள் குளிக்கப் போனால் கைப்பையைக் கிண்டுவேன். ஒன்றும் அகப்படாது. அகப்படாததும் எனக்குச் சந்தேகம்தான். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"றோட்டிலை ஆமிச் செக்கிங், வீட்டுக்கை வந்தாலும் செக்கிங். எனக்கு ஏலாது. பொங்கலுக்கிடையிலை நீங்கள் மாறாட்டி, பிள்ளையளையும் கொண்டு சுருவிலுக்கு என்ரை அக்கா வீட்டை போயிடுவன்."

அவள் சொன்னால் செய்வாள். பயந்துபோனேன்.

அப்போது எங்கள் பக்கம் இரண்டு வழி இருந்தது. ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து கிழமைக்கொருதரம் வந்து ஒரு மாஸ்ரர் நடத்திய ஆளுமைப் பயிற்சி. மற்றது, வாசிகசாலையின் பக்க அறையில் றெஜினா அக்காவின் உளவளத்துணை, மனப்பாரத்தைக் கேட்டு ஆற்றுகிற வேலை. மாஸ்ரர் என்ன செய்யவேண்டும் என்று சொல்வாராம். அக்கா என்ன நடந்தது என்று கேட்பாராம். ஆமி விசாரணையாக இருந்த அந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேட்பவரிடம் வலியப் போக யாருக்கு விருப்பம்? நான் மாஸ்ரரிடம் போனேன்.

கைப்பையைத் தொடாத ஒவ்வொரு நாளுக்கும் கொப்பியில் ஒரு சரி போடச் சொன்னார். ஏழு நாளும் ஏழு சரி. எல்லோரும் கைதட்டினார்கள். பையை நான் தொடவில்லை என்பது உண்மை. அதற்குப் பதிலாக கொண்டக்டரிடம், அவள் எந்தச் சீற்றில் யாரோடு இருந்தாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். கைதட்டலோடு வீடு வந்தபோது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் அக்காவிடம் போனேன். கடற்றொழிற் குடும்பத்துப் பெண். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுவாக இருந்து ஓய்வுபெற்றபின் இந்த வேலையைப் பழகியவர். மேசையில் கொப்பியும் இல்லை, பேனையும் இல்லை. எழுதாதவர் மனதில் பதிந்து வைப்பார், அது இன்னும் ஆபத்து என்று நினைத்தேன். அதனால் ஒரு பொய்யை அவிழ்த்தேன். "ஆருக்கும் தெரியாது அக்கா. வீட்டுக் காணியை வித்திட்டு பிரான்சுக்குப் போகப்போறன்."

தீவுக்காரர் அறிவார்கள், எங்கள் ஊரில் காணி விற்பனை என்று ஒருவர் காதில் போட்டால், நாம் வீடு போய்ச் சேருமுன் தரகர் படலையடியில் நிற்பார். மூன்று கிழமை காத்திருந்தேன். ஒரு தரகரும் வரவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கா இதைப் பெரிய இடத்துக்குக் கொடுக்க வைத்திருக்கிறா என்றுதான் தோன்றியது.

நாலாவது கிழமை போனபோது அக்கா சிரித்தார். "தரகர் வந்தவரோ?"

"எந்தத் தரகர்?" என்றேன்.

"காணிக் கதை பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். என்னைச் சோதிச்சுப் பாத்தனீர். வீட்டிலையும் இதைத்தானே செய்யிறீர்."

கோபம் வந்தது. மாஸ்ரரிடமே திரும்பிப் போகிறேன், அங்கே கைதட்டாவது கிடைக்கும் என்றேன். "போமன், நான் மறிக்கேல்லை" என்றார். "நீந்தத் தெரியாதவனுக்குப் பழக்கிவிட மாஸ்ரர் மாதிரி ஒராள் வேணும். நீந்தத் தெரிஞ்சும் தண்ணியிலை இறங்கமாட்டன் எண்டு நிக்கிறவனுக்குப் பக்கத்திலை இருக்க ஒராள் வேணும். நீர் எது எண்டு நீர்தான் சொல்லோணும்."

எழும்பிப் போகத்தான் நினைத்தேன். ஆனால் சொல்லிவிட்டேன். தொண்ணூற்றாறில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பு. எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி, ஆமிக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன், என் முன்னால் வந்து நின்று தலையை ஆட்டினான். ஒன்பது நாள் உள்ளே இருந்தேன். என்னைத் தெரிந்த எவனோ ஒருவன்தான் அவன். அன்றிலிருந்து சிரித்துக் கதைக்கிற ஒவ்வொரு முகத்தையும் அந்தச் சாக்குக்குள் வைத்துப் பார்ப்பேன்.

வேறு யாரும் "அது ஆரெண்டு தெரியுமோ?" என்றுதான் கேட்டிருப்பார்கள். அக்காவோ, "உம்மடை மனிசியையும் வைச்சுப் பாத்தனீரோ?" என்றார்.

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

பிறகு, கொண்டக்டரிடம் விசாரித்த கதையையும் கேட்டுவிட்டு, அவரே என்னை மாஸ்ரரிடம் திருப்பி அனுப்பினார். "இனி அவரின்ரை பயிற்சி உமக்கு வேலைசெய்யும். கொண்டக்டரிட்டைக் கேக்காத நாளையும் கொப்பியிலை சேரும்." சேர்த்தேன். பொங்கலன்று மனைவி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். முற்றாகத் திருந்திவிட்டேன் என்று எழுதமாட்டேன். அக்காவே நம்பமாட்டார்.

அடக்கத்துக்கு இருவரும் போனோம். மனைவிக்கு அக்காவைத் தெரியாது, எனக்காகத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் சவப்பெட்டிக்குள் கையை விட்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, இனி நான் ஆரிட்டை வந்து சொல்லுவன்?" என்று விம்மினாள்.

அவளும் அக்காவிடம் போய்வந்திருக்கிறாள். எத்தனை வருடம்? எந்தக் கிழமை, எந்த நேரம்? என்னைப் பற்றி என்ன சொன்னாள்? நிமிடக் கணக்குக் கேட்ட என் கண்ணில் மண்ணைத் தூவி எப்படிப் போனாள்? அவள் கதையில் ஒரு சொல்லைக்கூட அக்கா எனக்குக் கசியவிடவில்லை. அப்படியென்றால் என் கதையும் அவளுக்குப் போயிராது. அதை மட்டும் நம்பினேன்.

திரும்பும் பஸ்சில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"பசிக்குதோ?" என்றேன்.

அவள் திரும்பவும் அழுதாள். என் தோளில் சாய்ந்து அழுதாள்.

றெஜினா அக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்தக் கேட்காத கேள்விதான். தினமும் தொண்டைவரை வருகிறது. இன்றும் கேட்கவில்லை.