உத்தரத்திலிருந்து கொட்டிய தூள்

நன்னிலத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், கூடத்துக்கு மேலே தேக்கு உத்தரம் ஏற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அடியில் மஞ்சளாகத் தூள் கொட்டிக் கிடந்தது. மரத்தை வண்டு அரிக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். நெல் மூட்டையில் வண்டு விழுந்தால் வாசலிலிருந்தே மோப்பம் பிடிக்கிறவன் நான். மரத்தைப் பார்த்து வாங்கித் தந்த தச்சரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். அவரை வாயைத் திறக்கவே விடவில்லை.

இன்ஜினியரை வரவழைத்தேன். அவர் ஏணியில் ஏறி, உத்தரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுத்தியலால் தட்டினார். ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். ஒரு ஓட்டைகூட இல்லை. இறங்கி வந்து, கீழே கிடந்த தூளைக் கிள்ளி முகர்ந்தார்.

“சார், மரம் ஏத்துன அன்னைக்குப் பூஜை போட்டீங்களா?”

போட்டேன். மஞ்சளைக் குழைத்து, ஒரு இடம் விடாமல் உத்தரம் முழுக்க அப்பியதும் நானேதான். அதுதான் காய்ந்து உதிர்ந்திருக்கிறது.

“உத்தரம் கல்லு மாதிரி இருக்குங்க. வேற எதாவது பாக்கணுமா?” என்றார் இன்ஜினியர்.

தச்சருக்கு அப்போதுதான் பேச வாய்ப்புக் கிடைத்தது.

“அண்ணனோட மூக்கை ஒரு தடவை பாத்துடுங்க சார்.”