எந்த ஜாவா என்று கேட்ட பக்கம்

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனுக்குத் தங்கச்சி நான் போட்ட கடிதத்தில் இரண்டே வரி. ஓர் இணையப் பக்கத்தின் முகவரி. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்து பார், நான் இருப்பேன். எனக்கு நீலாயில், ஒரு கல்லூரிக் கணினிக் கூடத்தில் வேலை. அவனுக்குச் சுங்கை காடுட்டில், தொழிற்சாலையில். மோட்டாரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நாங்கள் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்பா இறந்த அன்று எனக்குப் பரீட்சை. எழுதிவிட்டு எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். "பரிச்சதான் பெருசா போச்சா ஒனக்கு?" என்றான் அண்ணன், எல்லார் முன்னாலும். என் நாக்கில் சனி. "நீ படிச்சிருந்தாத் தெரியும்" என்றேன். நான் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுப் பால்மரம் சீவப் போனவனிடம்.

நேரில் பார்த்தால் இருவருக்குமே வாய் வராது. எழுத்தில் வரும் என்று நினைத்துப் பக்கத்தில் ஓர் அரட்டைப் பெட்டி வைத்தேன். அதற்குக் கணினியில் புதிய ஜாவா மென்பொருள் வேண்டும். ஆகவே முகப்பிலேயே ஒரு சின்ன நிரல் எழுதினேன். வருகிறவரின் கணினியில் எந்த ஜாவா என்று பார்க்கும். 1.2 பதிப்பு என்றால் உள்ளே விடும். குறைந்தால், "உங்கள் ஜாவா பழையது, புதியதைப் பதிந்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி, வந்த நேரத்தைக் குறித்தும் வைத்துக்கொள்ளும். பிசகாமல் வேலை செய்தது. எனக்கு அதில் பெருமை வேறு!

எட்டு ஞாயிறு ஐந்திலிருந்து ஏழு வரை உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் ஈ காக்கை இருக்காது. பெட்டியில் என் பெயர் மட்டும் நிற்கும். வீம்பு பிடித்தவன், வரமாட்டான் என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறுவேன்.

ஒன்பதாவது வாரம் வேறு எதையோ தேடப்போய் அந்தக் குறிப்பைத் திறந்தேன். ஞாயிறு, 5.02, ஜாவா 1.1. அடுத்த ஞாயிறு, 4.58, ஜாவா 1.1. எட்டு ஞாயிறும் இருந்தது. கடைசி வாரம் மூன்று தடவை. அந்த முகவரி தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, அம்பாங்கானில் ஏதாவது சைபர் கபேயில் உட்கார்ந்திருப்பான். அங்கே எதையும் பதியக் கடைக்காரர் விடமாட்டார்.

எங்கள் எஸ்டேட்டில் விடியுமுன் பெரட்டு. எல்லாரையும் நிற்கவைத்துக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். அந்த நேரத்துக்கு இல்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது, திரும்பிப் போ. காய்ச்சலோடு பிந்தி வந்த அப்பாவை ஒருநாள் அப்படித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வரக் கூசி, பால் சீவும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு கால்வாய் ஓரம் உட்கார்ந்திருந்தார். அண்ணனும் நானும் போய்த்தான் கூட்டிவந்தோம். அடிப்பாவி, அதே பெரட்டை நானும் எழுதி வைத்திருக்கிறேனே!

நிரலை அழித்துவிட்டு அன்றைக்கே சுங்கை காடுட்டுக்குப் பஸ் பிடித்தேன். அண்ணன் தன் வீட்டுக் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று என்னைப் பார்த்தான்.

"எட்டு வாரம் வந்தேன்லா. ஒரு தடவையாச்சும் யாருன்னு கேட்டியா புள்ள? என்ன ஜாவான்னுதானே கேட்ட?"

எனக்கு அழுகைதான் வந்தது. இதைக் கேட்கும்போதே அவன் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.