ரசிகரும் நொட்டைவாயும்

ஆக்லாந்துத் தமிழ் நாடகத்தில் வில்லி வேஷமென்றால் கிருசாந்திதான். வாரம் முழுக்க மங்கரே விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுவாள். சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்தால் மாமியாராகி எல்லாரையும் மிரட்டுவாள். ஆசை மட்டும் வேறு. ஒரேயொரு தரம் கதாநாயகியாக நிற்க வேண்டும். இந்த வருஷம் தருகிறேன் என்று இயக்குநர் கோதண்டராமன் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

ஒரு சிக்கல் உண்டு. தலையில் ஆபரேஷன் நடந்த பிறகு அவளுக்கு வசனம் சில நேரம் சட்டென்று நழுவிவிடும். அது தெரிந்த ஒரே ஆள் வைஷாலி. உடன் நடிப்பவள், உயிர்த்தோழி. திரைக்குப் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுப்பவளும் அவளே. "யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்க்கா" என்று சத்தியம் செய்தாள். சத்தியமாம், சத்தியம்!

அந்த வைஷாலிக்குத்தான் குழுவின் ஆண்டுமலரில் புதுமை செய்யும் ஆசை வந்தது. பழைய ஜப்பானில் வருஷாவருஷம் நடிகர்களைத் தரம்பிரித்துப் புத்தகம் போடுவார்களாம். நாயகன், வில்லன், பெண்வேஷம் என்று தனித்தனியாக. அதில் நொட்டைவாய் ஒருவர் குறை சொல்வார், ரசிகர் ஒருவர் சண்டைக்கு வருவார்.

"ரெண்டு பேரையும் நானே எழுதறேன்க்கா!"

"எழுதும் எழுதும், என்னையும் விடாதையும்!" என்று கிருசாந்தியே சிரித்து உசுப்பிவிட்டாள். பாவி மனுஷி!

மலர் வந்தது. நாயகன் மதன்குமாரின் குரல் தகரடப்பா என்றது நொட்டைவாய். ரசிகர் பாய்ந்து வந்து அடக்கினார். பிரணவிக்கு மேடையில் நடக்கவே தெரியாது என்றது. அதற்கும் ரசிகர் வரிந்துகட்டினார். கிருசாந்தியின் பக்கத்தில், "இந்த அம்மாவுக்கு வசனம் தலையில் நிற்காது. திரைக்குப் பின்னாலிருந்து ஒருத்தி ஊட்டிவிட்டால்தான் வாய் அசையும்" என்றிருந்தது. அவ்வளவுதான். பக்கம் முடிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கோதண்டராமன் தரையைப் பார்த்தபடி, "ரிஸ்க் எடுக்க முடியலைம்மா" என்று இழுத்தார். கதாநாயகி வேஷம் வைஷாலிக்குப் போனது. வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லையே!

கார் நிறுத்துமிடத்தில் ஓடிவந்து கையைப் பிடித்தாள் வைஷாலி. "அக்கா, அது நான் சொன்னதில்ல, நொட்டைவாய் சொல்றது. யாராவது குறை சொல்லித்தானே ஆகணும்?"

"ஓம், சொல்லத்தான் வேணும்." கிருசாந்தி கையை உதறினாள். "எல்லாருக்கும் ஓடிவந்த அந்த ரசிகரும் நீர்தானே? எனக்கு மட்டும் ஏன் அவர் வாய் திறக்கேல்லை?"

வைஷாலி வாயைத் திறந்தாள், மூடினாள். அடியெடுத்துக் கொடுக்கக் கிருசாந்தி அங்கே நிற்கவில்லை.