ஏழு மணி நேரம் மட்டும் உயிரைக் கொடும் என்று கேட்டேன்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதை எழுத ஆறு வருஷம் தயங்கினேன். சபையில் சாட்சி சொன்னபோதும் பாதியை மறைத்தேன். வெட்கம்தான் காரணம்.

ஆம்பூரில் தோல் கம்பெனியில் இருந்த நான் எத்தியோப்பியாவில் ஒரு தோல் பதனிடும் கம்பெனிக்கு மாஸ்டர் வேலைக்குப் போனேன். அடிஸ் அபாபாவிலிருந்து சென்னை நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்று போன் காட்டும். மும்பைக்கு ஐந்து மணி நேரம், அங்கிருந்து இரண்டு மணி நேரம். "பசங்களோட கன்னியாகுமரி போனோமே, அதுக்கு ஆன நேரமே இதைவிட ஜாஸ்தி. பயப்படாம வாங்க" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.

லீவில் புறப்படுவதற்கு முந்தின நாள் காலை. டெஸ்ஃபா என்கிற அந்த ஊர்த் தொழிலாளி மருந்தைத் தப்பாக ஊற்றித் தோல்களைக் கெடுத்துவிட்டான். அங்கே வேலை செய்த தமிழர்களான எங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டு, தினமும் காலையில் "இன்னா மாஸ்டர், பேஜாரா?" என்று கேட்டுச் சிரிப்பவன். ஏதோ சொல்ல வந்தான். "கம்முனு இருடா!" என்று எல்லார் முன்னாலும் அறைந்தேன். உதடு கிழிந்தது.

அன்று பதினோரு மணிக்கு, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எதிராக ஊரில் மூண்ட கலவரம் எங்கள் கேட்டை உடைத்துக்கொண்டு வந்தது. காவல்காரரின் மண்டையை இரும்புத் தடியால் பிளந்தார்கள். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் ரத்தம் ஓடியது. குடோனுக்குத் தீ வைத்தார்கள். நான் தோல் பதப்படுத்தும் மர டிரம்மின் கதவு வழியாக உள்ளே குதித்து, ஈரத் தோல்களுக்கு அடியில் படுத்தேன். டிரம்மைத் தடிகளால் அடித்தார்கள். யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

டிரம் சுற்றியது. உள்ளே இருக்கும் மரக்கட்டைகள் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டன. தோள் எலும்பு முறிந்தது. இரண்டு பற்கள் போயின. வாயெல்லாம் ரத்தம். "அப்பா, வீட்டுக்கு ஏழு மணி நேரம்தானே! அதுவரைக்கும் உயிரைக் கொடும்" என்று கதறினேன்.

மெயின் சுவிட்சை யாரோ இறக்கினார்கள். டிரம் நின்றது. கதவு வழியாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது. டெஸ்ஃபா. கையில் தடி. உதட்டில் நான் கிழித்த காயம். காலையில் கொடுத்த அறை திரும்பி வந்துவிட்டது என்று கண்ணை மூடினேன்.

"மாஸ்டர், கம்முனு இரு" என்றான், மெதுவாக.

வெளியே திரும்பி அவன் பாஷையில் ஏதோ கத்தினான். கதவை மூடினான். கூட்டம் போய்விட்டது. பட்டாளம் வரும்வரை அவன் அந்த டிரம்மில் சாய்ந்தே நின்றான் என்று பிறகு சொன்னார்கள்.

பத்து நாள் கழித்துக் கட்டுப்போட்ட தோளோடு விமானம் ஏறினேன். முன்னால் இருந்த திரையில் தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஏழு மணி நேரமும் அழுதேன். வீட்டிலிருந்து டெஸ்ஃபாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடு மாஸ்டர், இன்னா பேஜாரு! பல்லு கட்டிக்கினியா?" என்றான்.

அன்றிலிருந்து நான் யார் மேலும் கை ஓங்கியதில்லை. கர்த்தர் ஏழு மணி நேரம் கேட்டவனுக்கு ஆறு வருஷம் கொடுத்திருக்கிறார். நீங்களும் அவரை நம்பிக் கூப்பிடுங்கள். யார் கையால் பதில் அனுப்புவார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் மாற்றாமல் சொல்லுங்கள். டிரம்மிலிருந்து தப்பித்ததை மட்டும் சொல்லி, நான் அவனை அறைந்ததை விட்டுவிடாதீர்கள்.