கதவோரத்து டைல்ஸ்

"மொத்த வெயிட் சரியாத்தானே இருக்கு?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் செனாயில் இல்லை. லோடு ஏற்றுகிறவர் கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணி கேட்டிருக்கிறார். வாழ்நாளில் ஒரு தடவைகூட டிரெய்லர் படியில் கால் வைக்காத என் நாத்தனார்கூடக் கேட்டிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறும். மொத்தம் சரிதான், யார் இல்லை என்றது? அந்த மொத்தம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் பிரச்சினை.

நான் டிரெய்லர் ஓட்டுகிறேன். முன்னால் இழுவை வண்டி, பின்னால் நீளப் பெட்டி. பெட்டியின் முன்பக்கத்துப் பாரம் இழுவை வண்டியின் முதுகில் இறங்கும். பின்பக்கத்துப் பாரம் வாலில் இருக்கும் அச்சுகளில் இறங்கும். இரண்டு பக்கமும் அளவாக இருந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். கனத்தையெல்லாம் கதவோரம் அடுக்கிவிட்டால் பின் அச்சுகள் தாங்க முடியாமல் திணறும், இழுக்க வேண்டிய சக்கரங்களோ கனமில்லாமல் தரையைப் பிடிக்காது. மழை ரோட்டில் அப்படிப் போகிறவர் திரும்பி வந்தால்தான் நிச்சயம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. ஆனாலும் எங்கள் லோரி யார்டில் யாருக்கும் புரியவில்லை என்றுதான் நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

யார்டில் லோடு ஏற்றும் ஃபோர்க்லிப்டை ஓட்டுபவர் என் வீட்டுக்காரர். நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிய பிறகு, பெரிய வண்டி லைசன்ஸ் எடுத்து அதே யார்டில் ஓட்டுநராகச் சேர்ந்தேன். மற்ற ஓட்டுநர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்களுக்கு என்னக்கா கவலை, வீட்டுக்காரரே ஏத்திவிடுறாரு, பஞ்சு மெத்தையில போற மாதிரி போவீங்க என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தவளைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வாடிக்கையாக வரும் லோடு ஒன்று மெர்சிங்குக்குப் போகும். அங்கே படகுத்துறை ஜெட்டிக்குப் பக்கத்தில் வீட்டுச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சீன முதலாளி இருக்கிறார், தவுக்கே என்போம். தீவுகளில் இருக்கும் தங்கும் விடுதிகளுக்கு அவர்தான் சரக்கு அனுப்புகிறார். தரை டைல்ஸ், சிமெண்டு மூட்டை, அவற்றோடு மெத்தைகள், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள். எடை முழுவதும் டைல்ஸிலும் சிமெண்டிலும்தான். மெத்தையும் தொட்டியும் இடத்தை அடைக்குமே தவிர கனக்காது.

தவுக்கேயின் கிடங்கில் லோரியை அணைத்து நிறுத்த மேடை கிடையாது. அவரிடம் இருக்கும் பழைய ஃபோர்க்லிப்ட் பெட்டிக்குள் ஏறாது. தரையில் நின்றபடி கதவோரம் இருப்பதை மட்டும் தூக்கும். படகோ கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் கிளம்பும், தவறினால் அடுத்த ஏற்றம் வரை சரக்கு கிடக்கும். அதனால் அவர் ஒரே பாட்டுத்தான் பாடுவார்: டைல்ஸைக் கதவுகிட்ட வை, மெத்தையை உள்ளே தள்ளு. அவர் சொன்னபடியே எங்கள் யார்டில் ஏற்றினார்கள். வாடிக்கையாளர் கேட்டுவிட்டார் அல்லவா, அப்புறம் என்ன. அந்த லோடு எடுத்த எல்லோரும் அப்படியே போய் வந்தார்கள், நானும் போய் வந்தேன். இழுவை கொஞ்சம் மந்தமாக இருந்தபோது வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வருடக் கடைசி மழையில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. கோத்தா திங்கியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவில் வழுக்கிக்கொண்டு கிடக்கும் ரோடு. ஒரு மேட்டில் ஏறும்போது சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. எப்படியோ ஏறிவிட்டேன். இறக்கத்தில் ஒரு வளைவு வந்தது. பிரேக்கில் கால் வைத்தேன். இழுவை வண்டி எனக்குக் கட்டுப்படவில்லை, பின்னாலிருந்த பெட்டி அதைப் பிடித்துத் தள்ளியது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பிடித்திருக்கிறேன், வண்டி வலது பக்கம் எதிர்த்தடத்துக்குள் சறுக்கிப் போகிறது. எதிரே ஒரு கார். அந்தக் காரை ஓட்டியவர் யாரோ தெரியாது, ஓரப் புல்லில் இறக்கி ஒதுங்கினார். அவர் புண்ணியத்தில்தான் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினேன். அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மெர்சிங்கில் தவுக்கே கதவைத் திறந்து, வாசலில் அடுக்கியிருந்த டைல்ஸைப் பார்த்து "சந்தேக்" என்றார். அழகாம்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாதிக் கண் தொலைக்காட்சியிலும் பாதிக் கண் தட்டிலுமாகக் கேட்டார். மொத்த வெயிட் சரிதான் என்றார். தவுக்கே கத்துவார் என்றார். மத்த டிரைவருங்க யாரும் வாயைத் திறக்கலையே என்றார். முன்பு ஒரு முறை அவரே காஸ் தோங் சிலிண்டரை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, முச்சந்தியில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழுந்ததை ஞாபகப்படுத்தினேன். அது மோட்டார், இது லோரி என்று சிரித்தார். நான் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்து, அதன் ஒரு முனையில் வெங்காயத்தை ஏற்றி, பள்ளிக்கூட வாத்தியார்போல் விளக்கிக் காட்டினேன். தலையை ஆட்டினார். பிறகு அந்த வெங்காயத்தை எடுத்து உரித்துத் தின்றார்.

அலுவலகத்திலும் கேட்டேன். தவுக்கேயிடம் பேசுங்கள் என்றார்கள். தவுக்கேயிடம் பேசினேன். உங்க ஆபீஸ்ல பேசு என்றார். டைல்ஸை நடுவில் வைப்போம், மெர்சிங்கில் முதலில் மெத்தையை இறக்குவோம், பிறகு கை டிராலியால் டைல்ஸைக் கதவுக்கு இழுத்துவரலாம், சீக்கிரமே கிளம்பினால் படகையும் பிடிக்கலாம் என்று வழியும் சொன்னேன். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். அடுத்த லோடும் கதவோரமாகவே ஏறியது.

அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஏற்றுமேடையில் என் பெட்டி ஒன்று, பக்கத்தில் இன்னொரு ஓட்டுநரின் பெட்டி ஒன்று, இரண்டும் மெர்சிங்குக்கு. அவர் மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, வாயில்லாப் பூச்சி. பசியாறிவிட்டு வருகிறேன் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போயிருந்தார். நான் இரண்டு சாவிகளையும் சட்டைப்பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டு, என் பெட்டியின் வாசலில் போய் நின்றேன். இந்த லோடை நான் எடுக்கப்போவதில்லை என்றேன்.

வீட்டுக்காரர் முதலில் கெஞ்சினார். பிறகு, எல்லாரும் பாக்குறாங்க, மானத்தை வாங்காதே என்றார். பிறகு ஃபோர்க்லிப்டின் கைப்பிடியை ஓங்கித் தட்டிவிட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுக்கத் தொடங்கினார். எதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு நான் தயாராக வாசலோரம் ஒதுங்கி நின்றேன்.

அவர் என்னைக் கேட்கவே இல்லை. முன்சுவரை ஒட்டி மெத்தைகளில் கொஞ்சம் வைத்தார். அதற்குப் பின்னால், நடுக்கோட்டைப் பிடித்து, டைல்ஸை ஒவ்வொரு அடுக்காக வரிசையாக இறக்கினார். பின் அச்சுகளை நெருங்கும்போது நிறுத்தினார். இறங்கி வந்து குனிந்து பார்த்தார். கடைசியாக வைத்த அடுக்கை மறுபடி தூக்கி ஒரு கை அளவு முன்னால் தள்ளி வைத்தார். சிமெண்டு மூட்டைகளை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தார். மிச்ச மெத்தையையும் தொட்டிகளையும் கதவோரம் நிறுத்திக் கயிறு கட்டினார். நான் சொல்ல வைத்திருந்ததைவிட நன்றாகவே செய்திருந்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன. லைசன்ஸ் எடுக்கிறப்பவே சொல்லிக் குடுத்தாங்களே."

தெரியாத மனுஷன் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் அவரை மன்னித்திருந்தேன். கரண்டியும் வெங்காயமும் வைத்து நான் பாடம் நடத்தியபோது எல்லாம் தெரிந்தேதான் தலையாட்டியிருக்கிறார்.

"அப்ப அந்த மழையில என்னை அனுப்புனப்பவும் தெரியும்."

அவர் என்ஜினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"தெரியும்," என்றார். "நீ நல்லா ஓட்டுவ. சமாளிச்சிருவேன்னு நெனச்சேன்."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. இரண்டாவது பிரசவத்துக்கு நான் தனியாக டாக்சி பிடித்துப் போனபோது, ஓவர்டைமை விட முடியாமல் வாசலில் நின்றபடி அவர் சொன்னதும் இதுதான். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது சொன்னதும் இதுதான். ஒவ்வொரு தடவையும் நான் சமாளித்தேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. எதிரே வந்த அந்தக் காருக்குள் எத்தனை பேர் இருந்தார்களோ தெரியாது, அவர்களையும் சேர்த்து நான் சமாளிக்க வேண்டும் என்று இவர் வீட்டில் சோறு தின்றுகொண்டு நினைத்திருக்கிறார்.

"இனிமே நான் சமாளிக்க மாட்டேங்க," என்றேன். குரலை உயர்த்தவில்லை. கல்யாணமான பிறகு அவரிடம் நான் இந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. பக்கத்துப் பெட்டியைக் காட்டினேன். "அவரும் சமாளிக்க வேணாம். அதையும் இதே மாதிரி மாத்துங்க. அது வரைக்கும் ரெண்டு லோரியும் இங்கதான் நிக்கும்."

நேரமாகிறது என்றார். கடல் ஏற்றத்தைச் சொன்னார், படகைச் சொன்னார், கம்பெனி முதலாளியைச் சொன்னார். நான் மேடை விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு ஃபோர்க்லிப்டை மறுபடி முடுக்கி, பக்கத்துப் பெட்டியிலிருந்து டைல்ஸை வெளியே எடுக்க ஆரம்பித்தார்.

பாதி வேலையில் தவுக்கேயிடமிருந்து போன் வந்தது. அவர் போட்ட சத்தம் மேடை முழுக்கக் கேட்டது. வீட்டுக்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். என்ன சொல்வது, நீயே பேசேன் என்று நீட்டினார்.

நான் வாங்கவில்லை. நீங்க சமாளிச்சிருவீங்க என்று சொல்லிவிட்டு எழுந்து எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன்.