காடி எண்ணிச் சுட்டவர்கள்

துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலில் ஒரு விசேஷம்: குறி தப்பினால் சுட்டவர் மேல் குற்றமே வராது, குழல் மேல் வரும், அல்லது குழலைத் துடைத்தவன் மேல் வரும். அதிகாரிகளுக்கு உழைத்து நொந்து போனவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்த ஆள். ஆனாலும் அகிம்சைக்காரன் என்பதால் புதுக்கோட்டைப் போலீசார் பயமில்லாமல் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்கள். ஒரு போராட்டக்காரனை இதைவிட எப்படி அவமானப்படுத்த முடியும்?

மச்சான் குழல்

ரைபிள் குழலின் உட்புறத்தில் முறுக்கிக்கொண்டு ஓடும் பள்ளங்களைக் காடி என்போம். அவைதான் குண்டைச் சுழல வைத்து நேராக அனுப்புகின்றன. ஐந்து காடியா, ஏழு காடியா என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. குழல் சுத்தமாக இருந்து, கை நடுங்காமல் இருந்தால் போதும். குன்றாண்டார்கோவில் பக்கத்து மிராசுதார் ஒருவருக்கு இதை ஒரு துண்டுப் பிரசுரத்தின் பொறுமையோடு விளக்கினேன். காட்டுப்பன்றி வேட்டைக்காரர், அவர் குழலில் ஐந்து காடி. இருக்கிற குழலில் மேலும் வெட்டினால் குழலே வீணாகும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க. மச்சான் குழல்ல ஏழு இருக்கு. எனக்கு எட்டாப் போட்டுக் குடுங்க. பன்னியை அப்புறம் பாத்துக்கிருவோம்."

ஏட்டு சுட்டது

யுத்த காலத்தில் சமஸ்தானப் போலீசின் பழைய ரைபிள்கள் பட்டாளத்துக்குப் போயின. பதிலுக்கு அவசரத்தில் செய்த புது ரைபிள்கள் வந்தன. குழலுக்குள் இரண்டே காடி. இன்ஸ்பெக்டர் சுட்டுப் பார்த்தார். குறிப்பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டது. "ரெண்டு காடியில என்னத்தைச் சுடுறது?" என்று ரைபிளை வீசாத குறையாகக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். குழல் துடைக்க நானும் போயிருந்தேன். அவர் தலை மறைந்ததும் ஏட்டு மாயழகு அதே ரைபிளை எடுத்துச் சுட்டார். எல்லாம் நடு வட்டத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்: "ஐயாகிட்டச் சொல்லிறாதீங்கண்ணே. குறி பாத்துச் சுட்டேன்னு என்னையத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவாரு."

நிபுணர் கருத்து

ரேஷன் அரிசி கேட்டு ஊர்வலம் அறிவித்திருந்தோம். முன்வரிசையில் நான். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். ஊர்வலத்தை நிறுத்து என்று மிரட்டுவார் என நினைத்துப் போனால், இந்த ரைபிளில் குண்டு நேராகப் போகுமா என்று கேட்டார்.

போகும் என்பதே உண்மை. அதைச் சொன்னால் அந்தக் குழல்கள் எங்களைப் பார்த்துத் திரும்பும். எனக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் வருவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியின் அபிப்பிராயத்தோடு ஒத்துப்போனேன். "இங்கிட்டுச் சுட்டா எங்கிட்டுப் போகும்னு சொல்ல முடியாதுங்க" என்றேன், நிபுணர் முகத்தோடு. அவருக்கு வேர்த்துவிட்டது. "யோவ், ஊர்வல ரோட்டுக்கு அங்கிட்டுத்தான்யா பெரிய துரை பங்களா இருக்கு! அந்தச் சனியன்களைப் பூட்டி வைக்கச் சொல்லு."

ஊர்வலம்

ரைபிள் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பிற்பாடு தியாகி என்று மாலை வாங்கிக்கொண்டவர்களும் வரவில்லை. மாடி ஜன்னலில் பத்திரமாக நின்றார்கள். லத்திகள் வந்தன. பெண்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். நான் மண்டை உடைந்து ரோட்டில் கிடந்தேன். அடித்தவர் ஏட்டு மாயழகுதான். குனிந்து, என் துண்டாலேயே என் காயத்தைக் கட்டியபடி கேட்டார்: "லத்தியில காடியே கெடையாதுண்ணே. எப்படி, நேரா வந்துச்சா?"

உண்மை பேசிப் பல தடவை ஜெயிலுக்குப் போனவன் நான். ஊருக்கு உருப்படியாகச் செய்தது என்னவோ அந்த ஒரு பொய்தான்.